சுங்குடிக் கடையில் ஆங்கிலம்: என் அனுபவம்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் சுங்குடி வாங்க வரும் ஜப்பானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. நமக்கும் இல்லை. அதனால் லண்டன் உச்சரிப்பை விட்டுவிட்டு, பேச்சு எங்கே முறிகிறதோ அங்கே மட்டும் சரிசெய்தேன்.

அதிகம் முறிவது விலையில். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் ஒன்றுபோல் விழும். 'டீன்' என்பதை அழுத்தி நீட்டணும். உடனே 'ஒன் ஃபைவ்' என இலக்கமாகவும் சொல்லி, கால்குலேட்டரில் காட்டணும். லட்சக் கணக்கு வேண்டாம், 'ஹண்ட்ரட் தவுசண்ட்' போதும்.

அடுத்தது சொல் தொடக்கத்து ப, ட, க. நாம் மூச்சு விடாமல் சொல்வதால், பொட்டலம் கட்டுவதைச் சொல்லும் 'பேக்' (pack), பையைக் குறிக்கும் 'பேக்' (bag) போலக் கேட்கலாம். வாய்முன் உள்ளங்கையை வைத்து, காற்று படும்படி பழகணும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது புரிய எந்த ஒலிகள் முக்கியம் என்று மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் முன்வைத்த அடிப்படை ஒலிப்பட்டியலிலும் இந்த மூச்சும் உயிரொலி நீளமும் உண்டு. 'திங்க்' என்பதன் முதல் ஒலி அதில் கட்டாயமில்லை. அதற்காக நாக்கைக் கடிப்பது வீண்.

'யூ டோண்ட் வாண்ட்?' என்று கேட்கவே கூடாது. ஜப்பானியர் நம்மைப் போலவே 'ஆமாம், வேண்டாம்' என்ற பொருளில் 'யெஸ்' சொல்லலாம்; பிரெஞ்சுக்காரர் 'நோ' என்பார். 'வாண்ட் திஸ் ஒன்?' என்று நேராகக் கேளுங்கள். பதிலுக்குத் தலையாட்டாமல் வாயால் சொல்லுங்கள், நம் தலையாட்டல் அவர்களுக்கு மறுப்பாகத் தெரியும்.

புரியாவிட்டால் சத்தத்தைக் கூட்டாமல் சொல்லை மாற்றுங்கள். அவர் துப்பட்டாவை 'ஸ்கார்ஃப்' என்றால் நாமும் கடைசிவரை 'ஸ்கார்ஃப்' என்றே சொல்லணும்.