சிவப்பு மினுங்க வேண்டுமா? அதற்கு அடியில் வெள்ளி அடியுங்கள்

சின்ன கார் மாடலுக்கு மெட்டாலிக் சிவப்பு வேண்டும் என்று சிவப்பு பெயின்ட்டில் வெள்ளியைக் கலக்காதீர்கள். வெளிறிப்போன ரோஸ்தான் வரும். நானே ஒரு கார் பானட்டை அப்படிப் பாழாக்கியிருக்கிறேன்.

முதலில் பளபளப்பான கறுப்பு. அது நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய வெள்ளி. கடைசியாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் சிவப்பு. டமியா என்ற மாடல் பெயின்ட் பிராண்டில் எக்ஸ்-27 என்று கேளுங்கள். வெளிச்சம் சிவப்பைத் தாண்டிப் போய் வெள்ளியில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஜொலிப்பு. வெள்ளிக்குப் பதில் தங்க நிறம் அடித்தால் இன்னும் சூடான சிவப்பு கிடைக்கும்.

இந்தச் சிவப்பை ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது. முதல் பூச்சில் இளஞ்சிவப்பாகத்தான் தெரியும், பதறாதீர்கள். மூன்று நான்கு மெல்லிய பூச்சில் நிறம் ஏறும். ஓரங்களில் தேங்கினால் அங்கே மட்டும் ரத்தம் உறைந்த மாதிரி கறுத்துவிடும். பிரஷ்ஷைவிட, காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்தான் இதற்குச் சரி.

நான் இருப்பது மும்பை மாட்டுங்காவில். ஜூலை மழையில் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் ஈரக்காற்று பட்டுப் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடுகிறது. அதனால் மழை விட்ட நாளாகப் பார்த்துத்தான் அடிக்கிறேன். அப்புறம் தூசி விழாமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி, ஒருநாள் முழுக்கத் தொடுவதில்லை.