இடுப்பு எலும்பு முறிவு: வலியை அடக்குவதில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

சமீபத்தில் ஒரு இரவுப் பணியில், புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர் ட்ராலியின் கால்மாட்டில் நின்றபடி, "வலிக்குதா பாட்டி?" என்று கேட்டார். பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தவர். "அசையாம கிடந்தா ஒண்ணும் தெரியலப்பா" என்றார். கேஸ் ஷீட்டில் வலி பூஜ்யம் என்று எழுதி எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் வராந்தாவின் மறுகோடியிலிருந்து அலறல் கேட்டது. நான் முதல் வருடத்தில் செய்த அதே தவறு, வரி பிசகாமல் அப்படியே. அலர்ஜி கேட்க மறப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எக்ஸ்ரே முதலில், வலி மருந்து அப்புறம்

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான். முறிவு உறுதியாகட்டும், எலும்பு டாக்டர் வந்து பார்க்கட்டும், ரத்த அழுத்தம் குறைந்துவிடுமோ, வலி மருந்து கொடுத்தால் அறிகுறி மறைந்துவிடுமோ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வலி மருந்தால் எந்த எலும்பு முறிவும் மறைந்துவிடாது. விழுந்தவரின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், படம் வரும் முன்பே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. எலும்பு விலகாத முறிவில் கால் பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும், அப்போதும் வலி வலிதானே?

அந்தப் பாட்டி பொய் சொல்லவில்லை. அசையாமல் கிடக்கும்போது வலி உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். எலும்பை மூடியிருக்கும் சவ்வில் நரம்புகள் அதிகம், காலைக் கொஞ்சம் அசைத்தாலும் உடைந்த முனைகள் உரசும், சுற்றியுள்ள தசைகள் இழுத்துப் பிடிக்கும். இப்போது நாம் அவரை என்னவெல்லாம் செய்யப்போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: ட்ராலியிலிருந்து எக்ஸ்ரே மேசைக்கு, பக்கவாட்டுப் படத்துக்காக இன்னொரு முறை, திரும்ப ட்ராலிக்கு, நனைந்த துணியை மாற்ற, பெட்பேன் வைக்க, கடைசியில் வார்டு கட்டிலுக்கு. ஆறு முறையாவது அசைக்கப்போகிற காலை, அசையாத நேரத்தில் மட்டும் விசாரித்துப் பூஜ்யம் போடுவது எப்படிச் சரியாகும்?

பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுத்துத் தரும் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. வந்தவுடன் வலியைக் கணக்கெடுக்க வேண்டும், முதல் மருந்து கொடுத்து 30 நிமிடத்துக்குள் மறுபடி, வார்டில் போய் அமரும் வரை மணிக்கு ஒரு முறை. கொடுத்த மருந்து போதுமா என்பதற்கு அளவுகோலும் அதிலேயே இருக்கிறது: நாம் மெதுவாகக் காலை வெளிப்பக்கம் திருப்பும்போது அவரால் தாங்க முடிகிறதா. நான் ட்ராலி நகரும் முன் பார்ப்பது இந்த ஒன்றைத்தான், அவர் வாயால் சொல்லும் எண்ணை விட அந்த நேரத்து முகச்சுளிப்பை அதிகம் நம்புவேன்.

முதல் வருடத்தில் ஒரு தாத்தா வந்தார், மறதி நோய் முற்றியவர். பேச்சு வரவில்லை. மருந்து எதுவும் கொடுக்காமல் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன். ட்ராலியைத் தள்ளும்போது என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை, நகம் பதிந்த தடம் அடுத்த நாளும் இருந்தது. இரவில் கத்துகிறார், ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார் என்று வார்டிலிருந்து அழைத்தார்கள். நான் தூக்க மருந்து எழுதினேன். வலியில் துடித்தவருக்குத் தூக்க மருந்து! வலியை அடக்காமல் விட்டால் டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பம் வரும் வாய்ப்பு கூடும் என்று 2003-இல் வந்த ஆய்வு ஒன்று இடுப்பு முறிவு நோயாளிகளிடமே காட்டியிருக்கிறது, போதுமான மார்ஃபின் கிடைக்காதவர்கள்தான் அதில் அதிகம் குழம்பினார்கள். மார்ஃபின் கொடுத்தால் குழம்பிவிடுவார் என்று தயங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பேச முடியாதவர்களுக்கு மூச்சு, முனகல், முகம், உடலின் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தையும் பார்த்து 10-க்கு மதிப்பெண் போடும் பெயினாட் அளவுகோல் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

ஆக, வந்ததும் பாராசிட்டமால், 50 கிலோவுக்குக் குறைந்தவர் என்றால் கிலோவுக்கு 15 மி.கி. போதவில்லையென்றால் நரம்பு வழியாக மார்ஃபின் ஒன்றிரண்டு மி.கி., ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி. சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடலில் தேங்கும், அங்கே அளவையும் இடைவெளியையும் மாற்றியே ஆக வேண்டும். அப்புறம் பிளாக், அதாவது இடுப்புப் பக்கத்து நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசி.

பிளாக் போட்ட கையோடு ட்ராலியைத் தள்ளுவது

ஃபேசியா இலியாக்கா என்கிற இந்த பிளாக் வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை ட்ராலி நகரக் கூடாது.

எல்லோருக்கும் 40 மி.லி.

இந்த பிளாக்குக்கு நிறைய மருந்து தேவை என்பது உண்மை. அதற்காக எடை பார்க்காமல் ஏற்ற முடியாது. இதில் ஏற்றும் மரப்பு மருந்தான பியூபிவகைனுக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 2 மி.கி. 38 கிலோ பாட்டிக்கு 76 மி.கி., அதாவது 0.25 சதவீத மருந்தில் சுமார் 30 மி.லி. வழக்கப்படி 40 மி.லி. ஏற்றினால் 100 மி.கி. உள்ளே போகிறது. உதட்டைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு என்று விஷமாகலாம். அதற்கு முறிவாக ஏற்றும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள்.

பிளாக் வேலை செய்த பிறகு கவனத்தை எடுத்துவிடுவது

முதலில் கொடுத்த மார்ஃபின் இன்னும் உடம்பில் இருக்கும். அவரை விழிப்பாக வைத்திருந்ததே வலிதான். அது திடீரென்று போய்விட்டால் கண் சொக்கும், மூச்சு மெதுவாகும். "அப்பாடா, தூங்கிட்டார்" என்று நிம்மதியோடு அடுத்த நோயாளியிடம் போகாமல், பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள்.

எந்தப் பக்கம்?

பிளாக் ஊசி குத்தும் முன், உடைந்தது எந்தக் கால் என்று நின்று ஒரு முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும்.

டைக்ளோஃபெனாக்

இந்த வலி மருந்து வேண்டாம். வயதானவரின் சிறுநீரகமும் வயிறும் தாங்காது.

காலில் எடை கட்டித் தொங்கவிடுவது

அறுவை சிகிச்சைக்கு முன் இப்படி இழுத்துக் கட்டுவதால் வலி குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தலையணை வைத்து, அவருக்கு வசதியான நிலையில் காலைத் தாங்கிக் கொடுங்கள்.

முழங்கால் வலி என்று சொல்பவர்

இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரியும். முழங்காலை மட்டும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இடுப்பு எக்ஸ்ரேவிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் காலூன்ற முடியவில்லை என்றால் எம்ஆர்ஐ வரைக்கும் போக வேண்டும். அதுவரை வலி மருந்து நிற்கக் கூடாது.

நேரம் எழுதாமல் வார்டுக்கு அனுப்புவது

மாலை ஆறு மணிக்குப் போட்ட பிளாக் நடுராத்திரிக்கு மேல் விட ஆரம்பிக்கலாம். எத்தனை மணிக்கு, எந்த மருந்து, எத்தனை மி.கி., அடுத்த பாராசிட்டமால் எப்போது என்று நான்கையும் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸிடம் வாயாலும் சொல்லிவிட்டு வாருங்கள்.