விர்ஷில் ஆப்ஷன் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயமுத்தூரில் எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் வேலைகளில் ஒன்று இது: விர்ச்சுவல் மெஷின்களை (விஎம் - ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி) நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் கமாண்ட் லைன் கருவியான விர்ஷில், ஏதாவது ஒரு கட்டளைக்கு ஆப்ஷன் சேர்த்து, அதற்கு டாக்குமென்டேஷனும் எழுத வேண்டும். கோடு சில வரிதான். அதனாலேயே அசட்டையாக எழுதிவிடுகிறார்கள். நான் புதிதில் செய்ததையே அச்சுப் பிசகாமல் இவர்களும் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பெல்லிங், இன்டென்ட், விட்டுப்போன கமா இவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. கம்பைலர் பார்த்துக்கொள்ளும்; அது விட்டதை ரிவ்யூவில் யாராவது பிடித்துவிடுவார்கள்.

நடுவில் செருகுவது

ஒரு கட்டளையின் ஆப்ஷன்கள் சோர்ஸில் வரிசையாக ஓர் அரேயில் இருக்கும். ஒரே மாதிரி இருப்பவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அழகு என்று நினைத்து, புது ஆப்ஷனை நடுவில் வைக்கிறார்கள். விர்ஷில் நெடுங்காலமாக ஒரு குணம் உண்டு. மதிப்பு வாங்கும் ஆப்ஷன்கள் பலவற்றைப் பெயர் சொல்லாமல், இடத்தை வைத்தே கொடுத்துவிடலாம். முன்பு, பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று டெஃபினிஷனில் குறித்திருந்தால்தான் அது முடியாது; புதிய வெர்ஷன்களில், இடத்தை வைத்துக் கொடுக்கலாம் என்று குறித்திருந்தால்தான் முடியும். அட்டாச்-டிஸ்க் என்று அடித்து, விஎம் பெயர், டிஸ்க் ஃபைல், உள்ளே தெரிய வேண்டிய பெயர் என மூன்றையும் வரிசையாகக் கொடுப்பது இப்படித்தான். நடுவில் அப்படி ஒன்றைச் செருகினால், அடுத்த இடத்துக்கான மதிப்பு புது ஆப்ஷனுக்குப் போய்விடும். யாரோ எப்போதோ எழுதி வைத்த ஸ்கிரிப்ட் எர்ரர் கூடக் காட்டாமல் வேறு வேலை செய்யும்.

விர்ஷுக்குள் செல்ஃப்-டெஸ்ட் என்று வெளியே தெரியாத கட்டளை ஒன்று இருக்கிறது. கட்டாய ஆப்ஷன் விருப்ப ஆப்ஷனுக்குப் பின்னால் வந்தால் அது கத்தும். இரண்டு விருப்ப ஆப்ஷன்களுக்கு நடுவில் மூன்றாவது வந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் சேருங்கள், பெயர் சொன்னால் மட்டும் வேலை செய்கிற மாதிரி சேருங்கள்.

போடாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதாமல் விடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எல்லோரும் ஆப்ஷனைப் போட்டால் என்ன நடக்கும் என்று எழுதுகிறார்கள். கட்டளை அடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எந்த ஆப்ஷனும் போடுவதில்லை. அவர்களுக்கு என்ன நடக்கும் என்று ஒரு வரி கிடையாது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். ஒரே சர்வர், அதில் சில விஎம்கள். ஒன்றில் பில்லும் ஷிப்பிங் பேப்பர்களும். டிஸ்க் நிரம்பியதும் அவர்களுடைய சிஸ்டம் ஆள் நாங்கள் கொடுத்திருந்த கருவியில் அட்டாச்-டிஸ்க் அடித்தார். அடியில் விர்ஷ், மேலே எங்கள் ஆப்ஷன்கள். டிஸ்க் உடனே தெரிந்தது. ஃபார்மட் செய்தார், மவுன்ட் செய்தார், பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் வரியும் எழுதினார். சந்தேகத்துக்கு விஎம்முக்குள்ளிருந்தே ஒருமுறை ரீபூட்டும் செய்து பார்த்தார். டிஸ்க் அப்படியே இருந்தது. பொறுப்பான மனுஷர், குறை சொல்ல முடியாது.

மாதக்கணக்கில் ஓடியது. தீபாவளிக்குப் போனஸ் பட்டுவாடா முடிந்து, ஆட்கள் ஊருக்குப் போய், கம்பெனியைப் பூட்டினார்கள், சர்வரையும் அணைத்தார்கள். திரும்பி வந்து ஆன் செய்தால் விஎம் எழுந்தது, அந்த டிஸ்க் மட்டும் இல்லை. எஃப்எஸ்டேபில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும்) போட்டிருந்ததால் பூட் ஆவது நிற்கவில்லை. மவுன்ட் ஆக வேண்டிய இடம் வெறும் ஃபோல்டராக நின்றது. ஃபோல்டரில் இருப்பதைப் பார்த்து அடுத்த பில் எண்ணைப் போடும் பழைய அப்ளிகேஷன் அது. காலி ஃபோல்டரைக் கண்டதும் ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டது.

பழைய பில் ஒன்றை யாரோ தேடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவசரத்தில் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி அதே இடத்தில் மவுன்ட் செய்தார்கள். இப்போது பழையது வந்தது, புதியது மறைந்தது. ஃபோல்டரின் மேல் மவுன்ட் செய்தால் அடியில் இருக்கும் ஃபைல்கள் அழியாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. "புதுசாப் போட்ட பில்லெல்லாங் காணமுங்க" என்று ஃபோன் வந்தது. ஒரே எண்ணில் இரண்டிரண்டு பில். ஜிஎஸ்டி கணக்குக்கு முன்னால் அதைப் பிரித்து எடுப்பதற்குள் அவர்களுடைய அக்கவுன்டன்ட் அம்மிணி எங்களைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நடந்தது இவ்வளவுதான். லிப்விர்ட்டில் ஒரு மாற்றத்தை ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் செய்யலாம், சேமித்து வைத்த கான்ஃபிகில் செய்யலாம், இரண்டிலும் செய்யலாம். ஓடும் தறியில் அறுந்த இழைக்கு வேறு நிறம் முடிவது லைவ். அடுத்த பாவுக்கான கணக்கையே மாற்றி எழுதுவது கான்ஃபிக். ஏபிஐயில் (புரோகிராம்கள் லிப்விர்ட்டை அழைக்கும் வழி) லைவின் மதிப்பு 1, கான்ஃபிகின் மதிப்பு 2. எதுவும் சொல்லாவிட்டால் 0. அதற்கு 'இப்போது இருக்கும் நிலை' என்று அர்த்தம். ஓடுகிற விஎம் என்றால் ஓட்டத்தில் மட்டும் மாறும். அட்டாச்-டிஸ்க்கில் இன்னொரு சிக்கல்: லைவ், கான்ஃபிக் போன்ற எந்த ஃபிளாகும் இல்லாவிட்டால் பழைய ஏபிஐ அழைக்கப்படும், நடத்தை ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) டிரைவரைப் பொறுத்தது என்று விர்ஷின் கையேடான மேன் பேஜே சொல்கிறது. க்யூஎமு என்ற ஹைப்பர்வைசரில் அது ஓட்டத்தை மட்டும் மாற்றும். உள்ளிருந்து ரீபூட் செய்தால் க்யூஎமு பிராசஸ் அதுவேதான், ஆகவே டிஸ்க்கும் இருக்கும். நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்தால் சேமித்த கான்ஃபிகிலிருந்து புது பிராசஸ் பிறக்கும், டிஸ்க் போய்விடும். அந்த மனுஷருடைய ரீபூட் சோதனை அவரை ஏமாற்றியது இதனால்தான்.

எங்கள் கருவியின் ஹெல்பில் --பெர்சிஸ்டென்ட் ஆப்ஷனுக்கு எதிரே இருந்தது ஒரே வரி: "டிஸ்க்கை நிலையாகச் சேர்க்கும்." எழுதிய தம்பி கேட்டான், "ஏனுங்ண்ணா, நிலையாச் சேர்க்கும்னு எழுதியிருக்கேனுங்க. போடலைன்னா நிலையா இருக்காதுன்னு தெரியாதுங்களா?"

தெரியாது தம்பி. அந்த ஆப்ஷன் இருப்பதே தெரியாதவர்தான் அதைப் போடாமல் விடுகிறார்.

கடைசியில் இப்படி மாற்றினோம்: "ஓடும் விஎம்மில் இதைக் கொடுத்தால் ஓட்டத்திலும் கான்ஃபிகிலும் சேரும். நின்றிருக்கும் விஎம்மில் கொடுத்தால் கான்ஃபிகில் மட்டும் சேரும். கொடுக்காவிட்டால் ஓட்டத்தில் மட்டும் சேரும். விஎம்மை நிறுத்தியதும் டிஸ்க் கழன்றுவிடும். உள்ளிருந்து ரீபூட் செய்வது இதற்குச் சோதனை ஆகாது." கட்டளையின் முதல் பத்தியிலேயே, ஆப்ஷன் பட்டியலுக்கு முன்னால், இதன் சுருக்கம் ஒன்றையும் வைத்தோம். போடாதவர் பட்டியல் வரைக்கும் இறங்கிப் படிக்கமாட்டார்.

யூனிட்டைச் சொல்லாமல் விடுவது

செட்மெம் கட்டளையில் வெறுமனே 2048 என்று அடித்தால் அது 2048 கிபிபைட், அதாவது 2 மெபிபைட். ஓடுகிற விஎம்மின் மெமரியை அந்த அளவுக்குச் சுருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. க்யூஎமுவின் -எம் ஆப்ஷனில் அதே 2048 மெபிபைட். விர்ஷிலேயே வால்யூம் உருவாக்கும் வால்-கிரியேட்-ஆஸ் கட்டளையில் யூனிட் இல்லாத எண் பைட். போதாததற்கு, கேஐபி என்றால் 1024, கேபி என்றால் 1000. புது ஆப்ஷன் எண் வாங்கினால், யூனிட் கொடுக்காதபோது எது எடுத்துக்கொள்ளப்படும் என்பது ஹெல்ப் வரியிலும் மேன் பேஜிலும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டில் எப்போதும் 2ஜி என்று யூனிட்டோடு எழுதுங்கள். எல்லோரும் எடுத்துக்காட்டைத்தான் காப்பி அடிப்பார்கள்.

பழைய பெயரை அழிப்பது

அழிக்காதீர்கள். செட்மெம்மில் முன்பு --கிலோபைட்ஸ் என்று இருந்தது --சைஸ் ஆனது. பழைய பெயர் இன்றைக்கும் அலியாஸாக, அதாவது மாற்றுப் பெயராக, வேலை செய்கிறது. அதற்கென்றே ஆப்ஷன் வகை ஒன்று இருக்கிறது.

சேராத இரண்டைச் சேர விடுவது

--கரன்ட்டோடு (மேலே சொன்ன 'இப்போது இருக்கும் நிலை') --லைவ் கொடுத்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை விழுங்கிவிடுவது சோம்பேறித்தனம். எர்ரர் கொடுக்க வேண்டும். இதற்கு மேக்ரோ தயாராக இருக்கிறது, இஃப் அடுக்கத் தேவையில்லை. மேன் பேஜின் சுருக்க வரியிலும் நிமிர்ந்த கோடு போட்டு, இது அல்லது அது என்று காட்டுங்கள்.

பழைய டுட்டோரியலைப் பார்த்து எழுதுவது

2020க்கு முந்தையவை மேன் பேஜின் பிஓடி ஃபார்மட் ஃபைலைத் திருத்தச் சொல்லும். இப்போது அது ஆர்எஸ்டி ஃபார்மட். டாக்ஸ் ஃபோல்டருக்குள் மேன்பேஜஸில் இருக்கிறது.

ஹெல்ப் எழுதியாயிற்று, மேன் பேஜ் அப்புறம்

அப்புறம் வராது. இரண்டும் ஒரே பேட்சில் (அனுப்பும் கோடு மாற்றத்தில்) வர வேண்டும்.

கையெழுத்து வரி

ஸைன்டு-ஆஃப்-பை (இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் வரி) இல்லாத பேட்சை லிப்விர்ட் எடுத்துக்கொள்ளாது. கமிட் அடிக்கும்போது -எஸ் போடுங்கள்.