ரயில் பாதை ஓரத்தில் பசுமை அடுக்ககம்: பிளான் போட ஆரம்பிப்பவர்களுக்கு

ரயில் ஓரத்து மனை என்றதும் பலரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். கனமான கண்ணாடி ஜன்னல் போட்டு இறுக்கமாக மூடிவிட்டு உள்ளே ஏசி போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். குளிர் நாடுகளில் அது சரியாக இருக்கலாம். சென்னையில் ஆண்டு முழுக்க ஜன்னலை மூடி வைக்கும் கட்டடத்தின் கூரையில் எத்தனை சோலார் பலகை வைத்தாலும் அதைப் பசுமைக் கட்டடம் என்று என்னால் சொல்ல முடியாது. சத்தத்தைப் பிளானிலேயே பாதி குறைத்துவிட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இந்தக் குறிப்பு முழுக்க அதைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு, கடற்கரை–தாம்பரம் தடத்தில் குரோம்பேட்டைப் பக்கம் 2 கிரவுண்டு மனை என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளம் மனைக்குக் கிழக்கே, ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே 3 மாடி, மாடிக்கு 2 ஃபிளாட்.

படி 1: மனையில் நின்று கேளுங்கள்

பகலில் ஒரு முறை, இரவு 11 மணிக்கு மேல் ஒரு முறை போங்கள். சரக்கு ரயில்கள் அதிகம் போவது இரவில்தான், தூக்கத்தைக் கெடுப்பதும் அவைதான். மொபைலில் டெசிபல் ஆப் போட்டு ரயில் வரும்போதும் இல்லாதபோதும் குறித்துக்கொள்ளுங்கள். எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் பயன்படும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பிரித்துப் பாருங்கள். பக்கத்தில் பாதை பிரியும் பாயின்ட் இருந்தால் ஒவ்வொரு சக்கரமும் தடதடக்கும், வளைவு இருந்தால் இரும்பு கிறீச்சிடும், சிக்னல் இருந்தால் சரக்கு ரயில் நின்று மறுபடி கிளம்பும்போது பெட்டிகள் ஒன்றையொன்று இழுக்கும் சத்தம் வரும். லெவல் கிராசிங்குக்கு முன்னால் விசில் பலகை நட்டிருப்பார்கள், டிரைவர் அங்கிருந்து ஹாரன் அடித்தே ஆக வேண்டும். அந்தப் பலகை உங்கள் மனைக்கு எதிரிலேயே இருந்தால், படுக்கையறையைத் தண்டவாளப் பக்கம் வைக்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டில் கேட்டு இரண்டாவது மாடி அறையின் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்துப் பாருங்கள். சரக்கு ரயில் போகும்போது தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக அலை ஓடினால் உங்களுக்கு அதிர்வுப் பிரச்சினையும் இருக்கிறது, படி 5-ஐ கவனமாகப் படியுங்கள்.

படி 2: காகிதம்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-இன்படி ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதானால் ரயில்வேயின் தடையில்லாச் சான்று வேண்டும். தூரத்தைத் தண்டவாளத்திலிருந்து அளக்கக் கூடாது, ரயில்வே நிலத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். பிளானை முடித்துவிட்டுப் போனால் திருத்தச் சொல்லும்போது வலிக்கும், எனவே முதலிலேயே விசாரியுங்கள்.

படி 3: அறைகளை வரிசைப்படுத்துங்கள்

நம் மனையில் சிக்கல் என்னவென்றால், சென்னையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது, சத்தமும் கிழக்கிலிருந்துதான் வருகிறது. மேற்கே திரும்பினால் அமைதி கிடைக்கும், கூடவே சாயங்கால வெயிலும் கிடைக்கும். தண்டவாளம் மேற்கே உள்ள மனைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. வெயிலும் சத்தமும் ஒரே பக்கம் என்பதால் மாடிப்படி, லிஃப்ட், பாத்ரூம் எல்லாவற்றையும் மேற்கே தள்ளிச் சுவரை மூடிவிடலாம்.

நமக்கு வேறு வழி வேண்டும். கிழக்குப் பக்கம் முழுக்க 5 அடி அகலத்தில் ஒரு திறந்த நடைபாதை வையுங்கள், ஃபிளாட்டுக்குள் நுழைவதும் அதன் வழியாகத்தான். அதன் கைப்பிடிச் சுவர் கம்பியாக இருக்கக் கூடாது, ஓட்டையே இல்லாத 4 அடிச் சுவராக இருக்க வேண்டும். நடைபாதையின் கூரையில் துளையிட்ட பலகையும் அதற்கு மேல் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சும் போடுங்கள். இல்லாவிட்டால் கீழிருந்து வரும் சத்தம் அந்தக் காங்கிரீட்டில் பட்டு நேராக உங்கள் ஜன்னலுக்குள் திரும்பும். நடைபாதையை ஒட்டிச் சமையலறை, பாத்ரூம், ஹால். படுக்கையறைகள் மேற்கு ஓரத்தில், ஆனால் ஜன்னல் மேற்கே வேண்டாம், ஒரு ஃபிளாட்டுக்குத் தெற்கில், இன்னொன்றுக்கு வடக்கில். மேற்குச் சுவரை அலமாரிகளால் மூடி, வெளியே துணி காயப்போடும் பால்கனியை வைத்தால் வெயில் நேராகப் படாது.

தண்டவாளத்தை நேராகப் பார்க்கும் முகப்போடு ஒப்பிட்டால் பக்கவாட்டுச் சுவரில் சத்தம் 3 டெசிபல் அளவுதான் குறையும். கட்டடத்தின் முதுகுப் பக்கம் 10-க்கும் மேல் குறையும், 10 குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். அதனால் பக்கவாட்டு ஜன்னலை மேற்கு மூலைக்கு முடிந்தவரை தள்ளி, அதன் கிழக்கு ஓரத்தில் 3 அடி நீட்டிக்கொண்டு ஒரு தடுப்புச் சுவர் எழுப்புங்கள். இப்படித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் காற்றை உள்ளே கொண்டுவராது, வெளியே விடும். ஆகவே காற்று நுழைய கிழக்கில் ஒரு வழி வைத்தே ஆக வேண்டும்.

படி 4: ஜன்னல்

கிழக்கில் காற்று நுழையும் அந்த வழிக்கு இரட்டை அடுக்கு ஜன்னல் நல்லது. வெளிக் கண்ணாடி இடது பாதியில் திறக்கும், உள் கண்ணாடி வலது பாதியில் திறக்கும், நடுவில் ஒரு முழ இடைவெளி. காற்று வளைந்து வந்துவிடும், சத்தம் அந்த வளைவில் கொஞ்சம் அடங்கும். இடைவெளியின் பக்கங்களில் சத்தத்தை உறிஞ்சும் பலகை ஒட்டினால் இன்னும் நல்லது. ஹாங்காங்கின் வீட்டுவசதி ஆணையம் நெரிசலான சாலை ஓரத்து அடுக்ககங்களில் இந்த மாதிரி ஜன்னலைப் போட்டிருக்கிறது, அங்கேயும் புழுக்கம்தான், ஜன்னலைத் திறக்காமல் முடியாது.

மூடி வைக்கும் ஜன்னலுக்கு ஸ்லைடிங் வேண்டாம். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு இருந்தாலே, எவ்வளவு விலையான கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் அது தடுக்காது, கணக்கே அப்படித்தான். ஸ்லைடிங் கதவில் இரண்டு பலகையும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், வெறும் பிரஷ்தான் இருக்கும். கதவு போலத் திறக்கும் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல், சுற்றிலும் ரப்பர் பீடிங், நடுவில் பிலிம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி போதும். ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கை மேஸ்திரி நுரையடித்து மூடிவிட்டுப் போவார், அதோடு விடாமல் இரு பக்கமும் சீலன்ட் வைக்கச் சொல்லுங்கள்.

படி 5: சுவரும் அதிர்வும்

சுவர் கனமாக இருந்தால்தான் சத்தம் நிற்கும். எடை இரட்டிப்பானால் ஏறக்குறைய 5, 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான காங்கிரீட் கல்லான ஏஏசி பிளாக் வெப்பத்துக்கு அருமை, ரயில் பக்கத்துக்கு அது வேண்டாம். கிழக்கில் 9 அங்குலச் சாம்பல் செங்கல், மேற்கில் ஏஏசி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அனல் மின்நிலையச் சாம்பலில் செய்த கல் என்பதால் வயல் மண்ணும் மிஞ்சும்.

அதிர்வு மண்ணுக்குள்ளே வரும், ஜன்னல் அதற்கு ஒன்றும் செய்யாது. கட்டடத்தை முடிந்தவரை தள்ளி வையுங்கள், அறையின் நடுத்தளம் ஊஞ்சலாடாதபடி தூண்களுக்கு நடுவே இடைவெளியைக் குறையுங்கள். லண்டனில் செயின்ட் ஜேம்ஸஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலேயே 1960களில் ஆல்பனி கோர்ட் என்ற அடுக்ககத்தை ரப்பர் தாங்கிகளின் மேல் நிறுத்தினார்கள். 3 மாடிக்கு அது செலவு அதிகம், டம்ளர் சோதனையில் பயம் வந்தால் மட்டும் அதிர்வை அளக்கத் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

படி 6: மரம், காம்பவுண்டு

மரம் வைத்தால் சத்தம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். ஒரு வரிசை மரம் காதுக்குத் தெரிகிற அளவு எதையும் குறைக்காது. நிழலுக்கும் தூசிக்கும் வையுங்கள், புங்கை நன்றாக இருக்கும், தெற்கிலும் மேற்கிலும். ரயில் எல்லையை ஒட்டி உயரமாக வளர்வது எதுவும் கூடாது, மேலே போவது 25,000 வோல்ட் கம்பி. காம்பவுண்டு சுவரும் சக்கரச் சத்தத்தைத் தரைமட்டத்தில்தான் தடுக்கும், அங்கே உங்கள் கார்தான் நிற்கிறது.

படி 7: மொட்டை மாடியும் தண்ணீரும்

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை என்றால் 200 சதுர மீட்டர் மாடியிலிருந்து, வீணாவது போக, 2 லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். ரயில் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூசி மாடியில் படியும், அதனால் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு அவசியம். மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறை கிணற்றை ரயில் கரையை ஒட்டித் தோண்டாமல் எதிர்ப்பக்கம் தோண்டுங்கள். கரைக்கு அடியில் மழைநீர் போகும் சிறுபாலம் எங்கே இருக்கிறது, 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருக்காரர்களிடம் கேட்டு, மோட்டாரையும் மின்பெட்டியையும் அதற்கு மேலே வையுங்கள்.

லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்கு 5 கிலோவாட் சோலார் போட்டால் நாளுக்குச் சுமார் 20 யூனிட் வரும், 50 சதுர மீட்டர் இடம் பிடிக்கும். பலகைகளை மாடியின் மேற்குப் பாதியில் வைத்து, கழுவ ஒரு குழாயும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

படி 8: ஸ்டேஷன் பக்கம் ஒரு வாசல்

நடந்து போய் ரயில் ஏறலாம் என்பதுதான் இந்த மனையின் மிகப் பெரிய பசுமை வசதி, அதைப் பலரும் பிளானில் மறந்துவிடுகிறார்கள். தெருவைச் சுற்றாமல் ஸ்டேஷன் சுரங்கப்பாதைக்கோ நடைமேம்பாலத்துக்கோ போக ஒரு சின்ன கேட், அதற்கு நிழலும் விளக்கும், ஸ்டில்ட்டில் அந்த கேட்டுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் நிறுத்த இடம். கேட் தண்டவாளத்தைப் பார்த்துத் திறக்கவே கூடாது, அந்தப் பக்கம் குழந்தை ஏற முடியாத முழுச் சுவர்தான் இருக்க வேண்டும்.