பயர்பாக்ஸ் பட்டையில் உங்களுக்கு வேண்டிய பொத்தான்கள்

கணினியில் பயர்பாக்ஸ் உலாவியின் மேல்பட்டையில் காலியான இடத்தில் வலது கிளிக் செய்து, ‘கஸ்டமைஸ் டூல்பார்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒளிந்திருக்கும் பொத்தான்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். வேண்டியதை மேலே இழுத்து விடுங்கள், வேண்டாததைக் கீழே இறக்குங்கள். முகவரிப் பெட்டியை ஒட்டியுள்ள வெற்றிடங்களையும் நீக்கலாம். சிறிய திரையில் அவை வெறும் அடைசல்தான்.

பலர் கண்ணில் படாதது ‘ஃபர்கெட்’ பொத்தான். கடைசி 5 நிமிடம், 2 மணி நேரம் அல்லது 24 மணி நேரத்து உலாவல் வரலாறு, குக்கிகள் (தளங்கள் உங்கள் கணினியில் சேமித்து வைக்கும் சிறு தகவல்கள்) ஆகியவற்றை ஒரே அழுத்தில் அழித்துவிடும். வீட்டில் பலரும் பயன்படுத்தும் கணினிக்கு மிகவும் உகந்தது. ஆனால் திறந்திருக்கும் தாவல்களையும் சேர்த்தே மூடிவிடும்; பாதியில் நிற்கும் மின்னஞ்சலை முதலில் சேமித்துவிடுங்கள்.

எல்லாம் குழம்பிப்போனால், ‘கஸ்டமைஸ் டூல்பார்’ பக்கத்தின் கீழே ‘ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்’ இருக்கிறது.