பழைய காரின் பூர்வீகம் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

போன வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில், சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, நானும் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரும் போயிருந்தோம். கொட்டகைக்குள் செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். உரிமையாளர் எண்பதை நெருங்கும் பெரியவர். "அறுபத்திரெண்டு மாடல் தம்பி, எங்கப்பா புதுசா எடுத்தது" என்றார், ரொம்ப உறுதியாக. ஆர்.சி. புக்கை விரித்தால் 1971 என்று இருக்கிறது. வண்டிக்கு நாலு கதவு.

ஹெரால்டு தெரிந்தவர்களுக்கு இங்கேயே பொறி தட்டியிருக்கும். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் 1961 வாக்கில் கட்ட ஆரம்பித்த ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதான். நாலு கதவோடு மார்க் 3 என்ற மாடல் வந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில். ஆக 1962-ல் இந்த வண்டியை யாராலும் வாங்கியிருக்க முடியாது. ஆனால் பெரியவர் பொய் சொல்லவில்லை. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில், எல்லோரும் செய்கிற தவறு. "எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டு ஒரே பதிலை வாங்கி வைத்துக்கொள்வது. ஒரு வண்டிக்குக் குறைந்தது மூன்று தேதி உண்டு. தொழிற்சாலையில் கட்டி முடித்த தேதி ஒன்று, டீலர் பில் போட்டு விற்ற தேதி ஒன்று, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவான தேதி ஒன்று. இது போதாதென்று நம் ஊரில் நாலாவதாக ஒன்று இருந்தது, முன்பதிவு செய்த தேதி. அந்தக் காலத்தில் ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் மனசில் நிற்பது பணம் கட்டிய நாள்தான், வண்டி வந்த நாள் அப்புறம்தான். அதனால் வீட்டுக்காரர்கள் சொல்லும் வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் "வீட்டில் சொன்னது" என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆர்.சி.யில் இருப்பதை "ஆர்.சி.யில் உள்ளது" என்று எழுதுங்கள். எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து நமக்கே எது கேள்விப்பட்டது, எது கண்ணால் பார்த்தது என்று தெரியாமல் போய்விடும்.

ரெண்டாவது தவறு இன்டர்நெட் வந்த பிறகு பெருகியது. வெளிநாட்டுப் பட்டியலை எடுத்து நம் வண்டிமேல் வைத்துப் பார்ப்பது. இதில் எத்தனையோ பேர் வழுக்கி விழுந்ததைப் பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். இதற்கு மூலமான டிரயம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்தது, இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி வடிவமைத்தது. அங்கே 1961-லேயே 1147 சிசி இன்ஜினோடு ஹெரால்டு 1200 வந்துவிட்டது, அடுத்த சில வருஷத்தில் முதலில் இருந்த 948 சிசி இன்ஜின் நின்றுபோனது. இந்தப் பட்டியலைப் படித்த ஒருவர் நம் ஊர் ஹெரால்டின் பானெட்டைத் திறந்து 948 சிசி இன்ஜினைப் பார்த்ததும், "ஆகா, ஆரம்பகால வண்டி" என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் நம் ஊரில் ஹெரால்டு கடைசிவரை 948-தான். அதற்குப் பிறகு எழுபதுகளில் வந்த ஸ்டாண்டர்டு கெஸலிலும் அதே 948-தான். நாலு கதவு ஹெரால்டு அந்த இங்கிலாந்துப் பட்டியலில் கிடையவே கிடையாது, இது இந்தியாவில் மட்டும் செய்தது. அதைப் பார்த்துவிட்டு "யாரோ லோக்கலில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்" என்று நல்ல ஒரிஜினல் வண்டியை வேண்டாம் என்று விட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான்.

ஃபியட்டிலும் இதே கதை. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1964-ல் கொண்டுவந்தது ஃபியட் 1100 டிலைட். இத்தாலியில் அதற்கு மூலமான 1100டி மாடல் 1966-ல் முடிந்துவிட்டது. இங்கேயோ 1972-ல் பிரீமியர் பிரசிடென்ட் என்று பெயர் மாறி, 1974-ல் பத்மினி ஆகி, அதற்கப்புறம் கால் நூற்றாண்டு ஓடியது. அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 இங்கிலாந்தில் ஐம்பதுகளோடு முடிந்த கதை, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் அது 2014 வரை வந்தது. அதனால் தாய் மாடலின் பட்டியல் நம் வண்டியின் குணத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் அமெரிக்க வண்டிகளுக்கும் இது பொருந்தும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து 1954 வரை பம்பாயில் வண்டி பூட்டியது. பாகங்களாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டிய செவர்லேயாக இருந்தால், ஸ்டியரிங் வலது பக்கம் இருப்பதைப் பார்த்து "பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள்" என்று நினைப்பதும் தப்பு, அமெரிக்க சேசிஸ் (அடிச்சட்டம்) நம்பர் பட்டியலில் அது சிக்கவில்லை என்பதால் போலி என்று நினைப்பதும் தப்பு. இன்னொன்று, அமெரிக்காவில் அடுத்த வருஷத்து மாடலை முந்தின வருஷம் இலையுதிர் காலத்திலேயே இறக்கிவிடுவார்கள். அதனால் மாடல் வருஷம் வேறு, கட்டிய வருஷம் வேறு என்பது அங்கே சாதாரணம்.

சரி, வண்டிக்கு வருவோம். டிக்கியில் இருக்கும் பேரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிலைட் பேரைப் பிடுங்கிவிட்டுப் பத்மினி பேரை மாட்டுவது அரை மணி நேர வேலை. அம்பாசடர் கிரில்லும் அப்படித்தான், முன்பக்கம் எங்கேயாவது இடித்தால் அன்றைக்குக் கடையில் என்ன மார்க் கிரில் இருந்ததோ அதுதான் ஏறும்.

இன்ஜின் நம்பரை மட்டும் நம்புவது அதைவிட ஆபத்து. 948 சிசி இன்ஜின் ஸ்டாண்டர்டு பென்னண்டிலும் இருந்தது, ஹெரால்டிலும் கெஸலிலும் இருந்தது. ஒன்று மண்டையைப் போட்டால் இன்னொன்றிலிருந்து இறக்கி ஏற்றிவிட்டார்கள். அம்பாசடரில் டீசல் மோகம் வந்தபோது மெட்டாடோர் வேன் இன்ஜினைத் தூக்கி வைத்தவர்கள் மதுரையைச் சுற்றி எத்தனையோ பேர். இதெல்லாம் குற்றமில்லை, வண்டி பிழைத்ததே அதனால்தான். ஆனால் ஆர்.சி. புக்கின் பின்பக்கங்களில் இன்ஜின் மாற்றம், எரிபொருள் மாற்றம் என்று முத்திரை போட்டு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். கதை முழுக்கப் பின்பக்கங்களில் இருக்கிறது: யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த ஊர், எப்போது, எந்த வங்கிக் கடன், எப்போது கேன்சல்.

ஹெரால்டில் இன்னொரு சிக்கல். அது தனி சேசிஸ் மேல் பாடியைப் போல்ட் போட்டு முடுக்கிய வண்டி. பாடியைத் துண்டு துண்டாகக் கழற்றலாம், வேறு சேசிஸில் மாட்டலாம். சேசிஸ் நம்பர் பொறித்த தகட்டைப் பிடித்திருப்பதோ சின்ன ரிவெட்டுகள்தான். அதனால் தகடு என்ன சொல்கிறது என்று படிப்பதற்கு முன்னால் ரிவெட்டைப் பாருங்கள். அந்தத் தோப்பு வண்டியில் அண்ணன் செய்தது இதுதான். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். ரிவெட் தலை எல்லாம் ஒரே மாதிரி மங்கிப்போய், சுற்றிலும் உடையாத பழைய பெயிண்ட், தகட்டுக்கு அடியில் அதே நிறம். "இதை யாரும் கழட்டலப்பா" என்றார். அப்புறம் தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தார். கண்ணுக்கு 3 போலத் தெரிந்த எண் தாளில் 8 என்று வந்தது.

அந்த ஒரு எண் தப்பாகப் போனால் என்ன ஆகும் தெரியுமா? நான் ஒரு தடவை பட்டிருக்கிறேன். வேறொரு வண்டிக்குக் கையெழுத்து ஆர்.சி. புக்கை ஸ்மார்ட் கார்டாக மாற்றும்போது 8-ஐ 3 என்று ஏற்றிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய எட்டு மாதம் நடந்தேன். பழைய புக்கின் நகல் கையில் இருந்ததால் தப்பித்தேன். ஆகவே ஆன்லைனில் தெரிகிற விவரத்தை மூலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நகல். கையெழுத்துப் புக்கோ, பதிவேட்டின் பக்கமோ கிடைத்தால் அதுதான் மூலம்.

நம்பர் தெளிவாகத் தெரியவில்லை என்று எமரித் தாளைப் போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. எழுத்தும் போய்விடும், நாளைக்கு எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குக் காட்டும்போது நம்பரை அழித்த வண்டி என்ற சந்தேகமும் வரும். பஞ்சில் தின்னர் தொட்டு ஒற்றி எடுங்கள், பவுடர் தூவித் துடையுங்கள், போதும்.

இதை ஒட்டி, எனக்கு மிகவும் மனசு வலிக்கிற தவறு ஒன்று. வண்டி வாங்கிய சந்தோஷத்தில் நேராக டிங்கரிங் பட்டறையில் விட்டுவிடுவது. ஒரு வாரத்தில் பழைய பெயிண்ட் முழுக்கச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துவிடுவார்கள். அதற்குள் என்னவெல்லாம் போய்விடும்! கதவு இடுக்கில், டேஷ்போர்டுக்குப் பின்னால், டிக்கி ரப்பருக்கு அடியில்தான் தொழிற்சாலை நிறம் ஒளிந்திருக்கும். நாங்கள் அந்த ஹெரால்டின் கதவு இடுக்கில் பிளேடு முனையால் ஒரு மிளகு அளவு சுரண்டினோம்: மேலே வெள்ளை, அடியில் அழுக்கு நீலம், அதற்கு அடியில் வெளிர் பச்சை, அதற்கடியில் தகரம். அந்த வெளிர் பச்சைதான் அது பிறந்த நிறம். அதேபோல லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் தயாரித்த காலத்தைப் பொடி எழுத்தில் தட்டியிருப்பார்கள், டைனமோவைப் புதுசாக்கினால் அதுவும் போயிற்று. லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனியே 1961-ல்தான் தொடங்கியது, ஆகவே அந்தப் பேர் போட்ட பாகம் 1955 வண்டியில் இருந்தால் அது பிற்பாடு மாட்டியது. இப்படிச் சின்னச் சின்னச் சாட்சிகள்தான் வண்டியின் கதையைக் கட்டித் தருகின்றன. பட்டறைக்கு விடுமுன் நூறு போட்டோ எடுங்கள். கழற்றுகிற பாகத்தை ஒன்றுகூடத் தூக்கிப் போட வேண்டாம் என்று டிங்கரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பதிவு எண்ணைப் படிப்பதிலும் தடுமாறுகிறார்கள். டி.என். 58, 59, 64 என்று இருந்தால் மதுரை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த எண் முறை 1989-க்குப் பிறகு வந்தது. அதில் ஓடும் அறுபதுகளின் வண்டி என்றால் ஒருமுறை மறுபதிவாகியிருக்கிறது, பழைய எண் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடுங்கள். மாவட்ட எல்லையையும் மறக்காதீர்கள். 1985-ல் திண்டுக்கல் பிரிந்தது, தொண்ணூறுகளில் தேனி பிரிந்தது. பெரியகுளத்து வண்டியின் பழைய காகிதத்தைத் தேனியில் மட்டும் தேடினால் எப்படிக் கிடைக்கும்? உங்கள் பேரில் இருக்கும் வண்டியின் பதிவேட்டு நகலை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள், பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். அடுத்தவர் வண்டியின் உரிமையாளர் விவரத்தைக் கேட்டால் தர மாட்டார்கள், அது சரியும்கூட.

இந்தத் தேதி எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கும் சொந்த வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். எண்ணில் வி.ஏ. எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கவனியுங்கள், அங்கே கணக்கு முதல் பதிவிலிருந்து. தயாரித்த வருஷத்தை வைத்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை.

இப்போது பெரியவர் கதை. நாங்கள் கிளம்பும் நேரத்தில், "போட்டோவே இருக்கு, நீங்களே பாருங்க" என்று சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி வந்தார். தெப்பக்குளத்துப் படிக்கட்டு ஓரமாக வேட்டி சட்டையில் அவர் அப்பா, பக்கத்தில் ஹெரால்டு. ஓரத்தில் பேனாவால் 1962 என்று எழுதியிருந்தது. அண்ணன் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரலால் கதவை எண்ணினார். ரெண்டே கதவு. நம்பர் பிளேட்டும் 'எம்' எழுத்தில் தொடங்கியது, மதராஸ் மாநிலக் காலத்து எண். கொட்டகையில் நின்ற வண்டியின் எண்ணோ 'டி'யில் தொடங்குகிறது, 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிய பிறகு வந்தது.

"ஐயா, இது வேற வண்டி மாதிரி இருக்கே" என்றேன் மெதுவாக. அவர் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆமா... முந்தி ஒண்ணு இருந்துச்சு. அதக் குடுத்துட்டுத்தான் இத எடுத்தாரு. நான் அப்ப மெட்ராஸ்ல படிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அடுத்த வாரம் அவரே போன் செய்தார். பரணில் இருந்த தகரப் பெட்டியில் பழைய வரி ரசீது ஒன்று கிடைத்திருக்கிறது, படத்தில் பாதி மறைந்திருந்த எண் அதில் முழுசாக இருக்கிறதாம், அந்த முதல் வண்டியை வாங்கிய நத்தம் பக்கத்து ஊர்க்காரரின் பேரோடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக நத்தம் போகிறோம்.