அவ்கொலேமொனோ சூப்: முட்டை எங்கே திரிகிறது, ஏன் திரிகிறது?

சளி பிடித்தாலும் சரி, குளிர் அதிகமானாலும் சரி, கிரேக்க வீடுகளில் அடுப்பில் ஏறுவது கொதோசூபா அவ்கொலேமொனோ. கோழி வேகவைத்த ஸ்டாக், அதிலேயே குழைய வெந்த கொஞ்சம் அரிசி, முட்டை, எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். பாலோ கிரீமோ கிடையாது. ஆனாலும் கிண்ணத்தில் ஊற்றினால் இளமஞ்சள் நிறத்தில், கிரீம் கலந்ததுபோல வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பைத் தருவது முட்டை. காரியம் கெடுவதும் அங்கேதான்: சூப் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கும். காரணம் பெரும்பாலும் சூட்டுக் கணக்கு தப்பியதுதான்.

முதலில் அளவு. ஐந்தாறு பேருக்கு 1.3 கிலோ எடையுள்ள முழுக்கோழி ஒன்று, தண்ணீர் இரண்டே முக்கால் லிட்டர், வெங்காயம் 1, கேரட் 1, செலரித் தண்டு 1, பிரிஞ்சி இலை 1, மிளகு பத்து, உப்பு 2 டீஸ்பூன், அரிசி 100 கிராம், முட்டை 3, எலுமிச்சைச் சாறு 60 முதல் 75 மில்லி. கோழி வெந்து வடிகட்டியதும் ஸ்டாக் இரண்டு லிட்டர் அளவில் நிற்க வேண்டும். அரிசி குடித்தது போக, முட்டை சேர்க்கும் நேரத்தில் ஒன்றே முக்கால் லிட்டர் இருக்கும்.

கொதிக்கும் ஸ்டாக்கில் கைவைப்பது

முட்டையின் வெள்ளைக் கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலும், மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரிக்குள்ளும் இறுகத் தொடங்கிவிடும். ஸ்டாக் கலந்து நீர்த்துவிட்டால் முட்டை இன்னும் கூடுதலான சூட்டைத் தாங்கும். அரிசியிலிருந்து இறங்கும் மாவுச்சத்து முட்டைப் புரதங்களுக்கு நடுவே புகுந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தடுக்கும். ஆனாலும் 85 டிகிரியைத் தாண்டினால் ஆபத்துதான். குறி வைக்க வேண்டியது 75க்கும் 80க்கும் இடையே. அந்தச் சூட்டில் சூப் கெட்டிப்படும், முட்டையும் பாதுகாப்பாக வெந்திருக்கும்.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மூன்று முட்டையும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து ஏறக்குறைய 225 கிராம். அறைச் சூடு 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதில் 85 டிகிரியில் இருக்கும் ஸ்டாக்கை அரை லிட்டர் கலந்தால் கலவை 67 டிகிரிக்கு வரும். அதைப் பானையில் மீதமுள்ள ஒன்றேகால் லிட்டரில் ஊற்றினால் மொத்தமும் 78 டிகிரி. அடுப்பைத் திரும்ப மூட்ட வேண்டிய அவசியமே இல்லை. இதே வேலையை நூறு டிகிரியில் தளதளவென்று கொதிக்கும் ஸ்டாக்கில் செய்தால் பானையின் சூடு 90 டிகிரிக்கு மேலே போய் நிற்கும். எவ்வளவு நிதானமாக ஊற்றியிருந்தாலும் முட்டை திரிந்துவிடும். ‘மெதுவாகத்தானே ஊற்றினேன், ஏன் திரிந்தது’ என்று குழம்புகிறவர்கள் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவர்களுக்கு ஊற்றிய வேகம் சரி, பானையின் சூடு சரியில்லை.

ஆகவே அரிசி வெந்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, ஏழெட்டு நிமிடம் விடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 85க்கு வந்ததும் தொடங்கலாம். இல்லாவிட்டால் மேற்பரப்பைப் பாருங்கள்: ஆவி நன்றாகப் பறக்க வேண்டும், ஒரு குமிழிகூட எழக் கூடாது. அடி கனத்த பாத்திரமோ மின் அடுப்போ என்றால் அணைத்த பிறகும் அடியிலிருந்து சூடு ஏறிக்கொண்டே இருக்கும். பாத்திரத்தை அடுப்பைவிட்டே இறக்கி வையுங்கள்.

ஊற்றும் விதம் இப்படி. முட்டைக் கிண்ணத்தின் அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் அது நகராது. ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் ஊற்றலாம். முதல் கரண்டி ஸ்டாக் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். இரண்டாவது நூல்போல. மூன்றாவதிலிருந்து கொஞ்சம் தாராளமாக ஊற்றலாம், ஏனென்றால் முட்டை அதற்குள் சூட்டுக்குப் பழகியிருக்கும். ஸ்டாக்கை மேலாகத் தெளிவாக மொண்டு எடுங்கள். அரிசி வந்தால் முட்டை அடிக்கும் கம்பிக்குள் சிக்கிக்கொண்டு அடிக்கவே விடாது. நூறு மில்லி கரண்டியால் ஐந்து கரண்டி போதும். ஒரே ஒரு கரண்டியைக் கலந்துவிட்டு மொத்தத்தையும் பானையில் கவிழ்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் அவசரம். கிண்ணத்தைத் தொட்டால் வெளிப்பக்கம் நன்றாகச் சுட வேண்டும், அப்போதுதான் அது பானைக்குத் தயார்.

முட்டை திரியாமல் இருக்க, ஊற்றும்போது முத்தமிடுவதுபோல உதட்டால் சத்தம் எழுப்ப வேண்டும் என்று கிரேக்கப் பாட்டிகள் சொல்வதுண்டு. நம்பிக்கை எதுவானாலும், உதட்டைக் குவித்துக்கொண்டு யாரும் அவசரமாக ஊற்ற முடியாது.

பானைக்குத் திரும்பிய பிறகு மூடி போடாதீர்கள். ஐந்து நிமிடம் அப்படியே நின்றால் தானாகக் கெட்டிப்படும். நீர்த்திருப்பதாகத் தோன்றினால் மிகச் சிறிய தீயில், கிளறிக்கொண்டே ஓரிரு நிமிடம் வைக்கலாம். மரக்கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். நின்றதும் இறக்கிவிட வேண்டும். ‘ஒரு கொதி வந்தால்தான் வெந்ததாக அர்த்தம்’ என்ற குழம்புப் பழக்கம் இங்கே செல்லாது.

முட்டையை அரைகுறையாக அடிப்பது

சூடு சரியாக இருந்தும் சில சமயம் மெல்லிய வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். அது திரிந்த முட்டை இல்லை, கலக்காத வெள்ளைக் கரு. மஞ்சள் கருவைப் பிடித்து நிறுத்தும் அந்த முறுக்கிய வெள்ளை நூலும் அப்படியே வெந்து கிடக்கும். பல கிரேக்க வீடுகளில் வெள்ளைக் கருவைத் தனியாக இரண்டு நிமிடம் நுரைக்க அடித்து, பிறகு மஞ்சள் கரு, அதன்பின் எலுமிச்சைச் சாறு என்று சேர்ப்பார்கள். மேலே மெல்லிய நுரையோடு சூப் லேசாக இருக்கும். கேக்குக்கு அடிப்பதுபோலக் கூர்முனை நிற்கும்வரை அடித்தால் மட்டும் வம்பு: நுரை கலக்காமல் கட்டிகட்டியாக மேலே ஒதுங்கிவிடும். தனித்தனியாக அடிக்கப் பொறுமை இல்லையென்றால் முழு முட்டையை நன்றாக அடித்து, சாறும் சேர்த்து, வடிகட்டியில் ஒருமுறை வடித்துவிடுங்கள். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் இரண்டு முழு முட்டையும் இரண்டு மஞ்சள் கருவும் எடுக்கலாம்.

முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேரே வரக் கூடாது என்று எல்லாக் குறிப்புகளும் அதட்டும். மேலே போட்ட கணக்கில் 4 டிகிரி முட்டையை வைத்துப் பார்த்தால் கடைசிச் சூடு ஏறக்குறைய இரண்டு டிகிரிதான் குறைகிறது. பெரிய குற்றமில்லை; அரைமணி முன்னால் வெளியே எடுத்தால் நுரை நன்றாக வரும், அவ்வளவே. ஆனால் முட்டையையும் எலுமிச்சைச் சாற்றையும் முன்கூட்டியே கலந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். புளிப்பு முட்டைப் புரதத்தை மெல்ல இறுக்கத் தொடங்கிவிடும்.

எலுமிச்சையை எண்ணிக்கையில் எடுப்பது

கிரேக்கச் சமையல் குறிப்பில் ‘இரண்டு எலுமிச்சை’ என்றால் அது பெரிய, தடித்த தோல் கொண்ட மஞ்சள் பழம். ஒன்றைப் பிழிந்தால் 40 முதல் 50 மில்லி கிடைக்கும். நம் சந்தையில் கிடைக்கும் சின்ன எலுமிச்சை வேறு இனம், லைம் வகை. பழத்துக்கு 15, 20 மில்லிதான் வரும், புளிப்பும் இன்னும் சுருக்கென்று இருக்கும். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு மில்லியில் அளங்கள். பெரிய மஞ்சள் எலுமிச்சை என்றால் 75 மில்லி. நம் எலுமிச்சை என்றால் 60-இல் தொடங்கி, சுவைத்துப் பார்த்துக் கூட்டலாம்.

கோழி வேகும்போதே எலுமிச்சையைப் பிழிவதும், பிழிந்த தோலை ஸ்டாக்கில் போடுவதும் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வாசனை போய்விடும், உள்தோலின் கசப்பு இறங்கிவிடும். பழத்தின் கடைசிச் சொட்டுவரை நசுக்கிப் பிழிந்தாலும் அதே கசப்புதான். பாட்டில் சாறு இதற்குச் சரிப்படாது. ஊறுகாய் வாடை வரும்.

புளிப்பு எடுபடவில்லை என்று தோன்றினால் உடனே சாற்றைக் கூட்டாதீர்கள். முதலில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பாருங்கள். சப்பென்று இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உப்புக் குறைவுதான்.

எலும்பில்லாத கோழி, கறிவெட்டுக் கோழி

நெஞ்சுக்கறியை மட்டும் வேகவைத்தால் ஸ்டாக் தண்ணீராகவே இருக்கும். எலும்பு, தோல், கழுத்து, கால் இவற்றிலிருந்து இறங்கும் பசைதான் சூப்புக்கு உடம்பு கொடுப்பது. கடையில் கறிக்கு வெட்டுவதுபோலச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தந்தால் எலும்புச் சில்லுகள் அரிசியோடு கலந்துவிடும். முழுசாகவோ நான்கு பெரிய துண்டாகவோ தோலுடன் கேட்டு வாங்குங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் போட்டு, முதல் பத்து நிமிடத்தில் எழும் அழுக்கு நுரையை வழித்துவிட்டு, பிறகு ஓரத்தில் குமிழி மட்டும் எழும் சிறு தீயில் வையுங்கள். காய்கள் அதன்பிறகுதான். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து ஸ்டாக்கில் கலந்துவிடும். நிறம் கலங்கும், வாயில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். பிராய்லர் என்றால் 45, 50 நிமிடத்தில் வெந்துவிடும். வெளியே எடுத்துக் கறியை உதிர்த்துக்கொண்டு, எலும்பை மட்டும் திரும்பப் போட்டு இன்னொரு முக்கால் மணி நேரம் விடுங்கள். கறியையும் அவ்வளவு நேரம் உள்ளே விட்டால் அது வைக்கோல்தான். முற்றிய கோழிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஸ்டாக் அதில்தான் பிரமாதமாக வரும்.

குக்கர் கூடாது என்றில்லை. ஆவியைப் பிடுங்கி விடாமல் பிரஷர் தானாக இறங்கும்வரை காத்திருங்கள், ஸ்டாக் கலங்காது. வடிகட்டியபின் மேலே மிதக்கும் கொழுப்பில் இரண்டு ஸ்பூன் விட்டுவிட்டு மீதியை எடுத்துவிடுங்கள். அதிகம் இருந்தால் முட்டை சேர்ந்த பிறகு மஞ்சள் வட்டங்களாகத் தனியே மிதக்கும்.

அரிசி

கிரேக்கத்தில் இதற்குப் போடுவது கரோலினா என்ற நடுத்தர மணி அரிசி. இங்கே பொன்னிப் பச்சரிசி சரியாக வரும். புழுங்கல் அரிசி வேண்டாம். ஏற்கெனவே அவித்ததால் அதன் மாவுச்சத்து சூப்பில் இறங்காது. பாஸ்மதி உதிரியாக நிற்கும், வாசனையும் எலுமிச்சையோடு மோதும். பச்சரிசியை ஒரே ஒரு தண்ணீரில் அலசி, ஸ்டாக்கிலேயே 18, 20 நிமிடம் வேகவிடுங்கள். தனியாக வடித்த சோற்றைக் கலந்தால் முட்டையைக் காக்கும் அந்த மாவுச்சத்து கஞ்சியோடு போய்விடுகிறது. 100 கிராம் கொஞ்சமாகத் தெரிந்தாலும் கூட்டாதீர்கள். உண்டு முடிப்பதற்குள் பொங்கலாகிவிடும். அரிசிக்குப் பதில் கிரிதராகி என்னும் அரிசி வடிவப் பாஸ்தாவும் போடுவார்கள். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

பாத்திரமும் வேண்டாத சேர்க்கைகளும்

அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் இதற்கு ஆகாது. எலுமிச்சைப் புளிப்பு உலோகத்தோடு வினைபுரிந்து சூப்பைச் சாம்பல் நிறமாக்கும், உலோகச் சுவையும் ஏறும். எவர்சில்வர் அல்லது எனாமல் பூசியது நல்லது.

நிறத்துக்காக மஞ்சள்தூள், சளிக்காக இஞ்சி பூண்டு விழுது என்று தொடங்கினால் நல்ல கோழி சூப் கிடைக்கலாம், அவ்கொலேமொனோ கிடைக்காது. கடைசியில் தூவ மிளகுத்தூள் போதும். சதகுப்பைக் கீரை போடுவது அவரவர் விருப்பம். ஈஸ்டர் நள்ளிரவு வழிபாடு முடிந்து வந்து குடிக்கும் மயிரித்சா சூப்பில் அது கட்டாயம் உண்டு. மயிரித்சா ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்வது. கடைசியில் முட்டை எலுமிச்சை சேர்க்கும் முறை மட்டும் இதேதான். கிரீம் சேர்த்தால் எலுமிச்சையின் கூர்மை மழுங்கிவிடும், பால் சேர்த்தால் திரிந்துவிடும். முதல்முறை செய்கிறவர்களுக்குப் பயமாக இருந்தால் ஒரு டீஸ்பூன் சோளமாவை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து முட்டையோடு சேர்க்கலாம். திரிவதைக் கொஞ்சம் தடுக்கும். ஒரு டேபிள்ஸ்பூனுக்குப் போனால் சூப் பசையாகிவிடும்.

மீந்ததைக் கொதிக்கவைப்பது

மறுநாளைக்கும் வேண்டுமென்றால் முட்டை சேர்க்கும் முன்பே பாதி ஸ்டாக்கையும் கறியையும் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அரிசியைப் புதிதாக வேகவைத்து ஒன்றரை முட்டைக்குப் பதில் இரண்டாகவே போட்டுக்கொள்ளலாம். முட்டை சேர்த்த சூப் மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். சூடாக்கும்போது கால் டம்ளர் வெந்நீர் விட்டு, சிறு தீயில், கிளறிக்கொண்டே 75 டிகிரிவரை மட்டும். மைக்ரோவேவ் ஓரத்தைக் கொதிக்கவைத்து நடுவைக் குளிராக விடும், ஓரமெல்லாம் திரிந்திருக்கும். ஃப்ரீசரில் வைத்தாலும் உருகும்போது தண்ணீர் பிரிந்துவிடும்.

அப்படியும் திரிந்துவிட்டால் கொட்ட வேண்டியதில்லை. அரிசியையும் கறியையும் வடித்துத் தனியே வைத்துவிட்டு, திரவத்தை மட்டும் ஹாண்ட் பிளெண்டரால் அரை நிமிடம் அடித்து, மெல்லிய வடிகட்டியில் வடித்து, எல்லாவற்றையும் திரும்பச் சேருங்கள். முதல் தரப் பளபளப்பு திரும்பாது, சுவைக்குக் குறையிருக்காது. சூடான திரவத்தை மிக்ஸி ஜாரில் நிரப்பி மூடி ஓட்டாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும்.